சட்டம் கேளுங்கள்: கல்லூரி வளாகத்தில் யார், எதுவரை சோதனையிடலாம்?

கல்லூரிகளிலும் விடுதிகளிலும் நடக்கும் சோதனைகளைப் பற்றி இம்முறை வந்த கடிதங்களே ஒரு கட்டு இருந்தன. 2024 டிசம்பரில் சென்னை அண்ணா பல்கலைக்கழக வளாகத்துக்குள் ஒரு மாணவி பாலியல் வன்கொடுமைக்கு ஆளான பிறகு, கல்லூரி நுழைவாயில்களில் கண்காணிப்பு இறுக வேண்டும் என்று பெற்றோர் கேட்பது முற்றிலும் நியாயமானது. ஆனால் அந்த வழக்கில் குற்றம் செய்தவர் வெளியிலிருந்து வளாகத்துக்குள் நுழைந்தவர் என்பதையும், மாணவியின் விவரங்கள் அடங்கிய முதல் தகவல் அறிக்கை கசிந்ததற்காக அவருக்கு 25 லட்சம் ரூபாய் இடைக்கால இழப்பீடு வழங்குமாறு சென்னை உயர் நீதிமன்றம் அரசுக்கு உத்தரவிட்டதையும் சேர்த்தே நாம் நினைவில் வைக்க வேண்டும். வந்த கடிதங்களில் ஐந்தைத் தேர்ந்தெடுத்து இங்கே பதில் எழுதுகிறேன். கேட்டவர்களின் பெயர்களையும் கல்லூரிகளின் பெயர்களையும் தவிர்த்திருக்கிறேன்.

கேள்வி: அம்மா, நான் ஒரு தனியார் கலை அறிவியல் கல்லூரியின் விடுதியில் தங்கி மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். சென்ற மாதம் நாங்கள் வகுப்பில் இருந்தபோது வார்டனும் இரண்டு ஆண் செக்யூரிட்டிகளும் மாற்றுச் சாவியால் எங்கள் அறையைத் திறந்து, அலமாரியில் இருந்த துணிகளைக் கலைத்து, என் டைரியையும் படித்திருக்கிறார்கள். அன்று மாலையே எங்கள் தளத்தில் இருந்த எல்லோருடைய கைப்பேசிகளையும் வாங்கி, பாஸ்வேர்டைக் கேட்டு, புகைப்படங்களையும் வாட்ஸ்அப் உரையாடல்களையும் பார்த்தார்கள். கேட்டால், "விடுதியில் சேரும்போது எல்லா விதிகளுக்கும் கட்டுப்படுவதாகக் கையெழுத்துப் போட்டிருக்கிறாய்" என்கிறார்கள். அவர்களுக்கு இந்த உரிமை உண்டா?
— ஒரு மாணவி, கோயம்புத்தூர்

பதில்: உங்கள் கடிதத்தில் மூன்று தனித்தனிச் செயல்கள் இருக்கின்றன. அறைக்குள் வந்தது ஒன்று. அலமாரியையும் டைரியையும் திறந்தது இன்னொன்று. கைப்பேசியைப் பார்த்தது மூன்றாவது. நிர்வாகம் இவை மூன்றையும் ஒரே கையெழுத்துக்குள் அடக்கப் பார்க்கிறது. அப்படி அடக்க முடியாது.

முதலாவதைப் பொறுத்தவரை நிர்வாகத்தின் பக்கம் ஓரளவு நியாயம் இருக்கிறது. கட்டடம் அவர்களுடையது, மின்கசிவு, பழுது, அனுமதியில்லாமல் தங்கும் வெளியார் ஆகிய காரணங்களுக்காக அறையைப் பார்வையிடும் பொறுப்பும் அவர்களுக்கு உண்டு. பகடிவதையைத் தடுக்கப் பல்கலைக்கழக மானியக் குழு 2009இல் வெளியிட்ட ஒழுங்குமுறைகள், விடுதிகளில் திடீர் சோதனை நடத்தும் பொறுப்பையே பகடிவதைத் தடுப்புப் படைக்கு (ஆன்டி ராகிங் ஸ்குவாட்) கொடுத்திருக்கின்றன. ஆனால் அந்தப் படை வளாகத்தைச் சேர்ந்தவர்களைக் கொண்டே அமைய வேண்டும், வெளியார் அதில் இடம்பெறக் கூடாது என்று அதே ஒழுங்குமுறைகள் சொல்கின்றன. ஒப்பந்த நிறுவனம் அனுப்பிய காவலாளிகள் இந்த விதியைக் காட்டி உங்கள் அறைக்குள் வர முடியாது. மாணவியர் விடுதி அறைக்குள் முன்னறிவிப்பின்றி ஆண் ஊழியர்களை அழைத்துச் சென்று உடைகளைக் கலைக்கச் செய்ததற்கு எந்த விதியும் துணை நிற்காது.

அலமாரியும் டைரியும் வேறு கணக்கு. 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு, கே.எஸ். புட்டசாமி வழக்கில், அந்தரங்க உரிமை அரசமைப்புச் சட்டத்தின் 21ஆம் பிரிவில் அடங்கிய அடிப்படை உரிமை என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. அந்த உரிமையில் தலையிடுவதற்குச் சட்டத்தின் ஆதாரம் வேண்டும், நியாயமான நோக்கம் வேண்டும், நோக்கத்துக்குத் தேவையான அளவைத் தாண்டாமலும் இருக்க வேண்டும். "கல்லூரி தனியாருடையது, அடிப்படை உரிமை அரசுக்கு எதிராகத்தானே செல்லும்" என்ற வாதம் உடனே வரும். 2023 ஜனவரியில் கௌஷல் கிஷோர் வழக்கில் ஐந்து நீதிபதிகள் அமர்வு, 19, 21ஆம் பிரிவுகளின் உரிமைகளை அரசு அல்லாதவர்களுக்கு எதிராகவும் நிலைநாட்டலாம் என்று பெரும்பான்மையாகச் சொல்லியிருப்பதால், அந்த வாதத்துக்கு முன்பிருந்த வலு இப்போது இல்லை. சேர்க்கைப் படிவத்தில் போட்ட கையெழுத்து, விடுதி விதிகளை மதிப்பதற்கான சம்மதமே ஆகும்; உங்கள் எழுத்தை யார் வேண்டுமானாலும் எடுத்துப் படிக்கலாம் என்பதற்கான சம்மதமாக அதை எந்த நியாயவானும் வாசிக்க மாட்டார்.

கைப்பேசியைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுதுகிறேன், ஏனெனில் மற்ற இரண்டையும்விட அதிகம் கவலைப்பட வேண்டியது இதுதான். கோழிக்கோடு மாவட்டம் சேளன்னூரில் ஒரு கல்லூரியின் மாணவியர் விடுதியில், குறிப்பிட்ட நேரத்தில் கைப்பேசி வைத்திருக்கக் கூடாது என்ற விதியை ஏற்க மறுத்த மாணவி விடுதியைவிட்டு வெளியேற்றப்பட்டார். அவர் தொடுத்த வழக்கில் 2019 செப்டம்பர் 19 அன்று கேரள உயர் நீதிமன்ற நீதிபதி பி.வி. ஆஷா, இணையத்தைப் பயன்படுத்தும் உரிமை கல்வி உரிமையிலும் அந்தரங்க உரிமையிலும் அடங்கும் என்று கூறி, அவரை மீண்டும் விடுதியில் சேர்க்க உத்தரவிட்டார். கேரள உயர் நீதிமன்றத்தின் தீர்ப்பு தமிழ்நாட்டு நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தாது என்றாலும், இங்கே எடுத்துக்காட்டி வாதிடத்தக்க தீர்ப்பு அது. கைப்பேசியை வைத்துக்கொள்ளக் கூடாது என்பதற்கே இவ்வளவு கேள்வி எழும்போது, அதற்குள் இருப்பதைப் பார்ப்பதற்கு வார்டனுக்கு அதிகாரம் எங்கிருந்து வரும்? தேர்வு அறைக்குள் கைப்பேசி கொண்டுவரத் தடை விதிக்கலாம். வகுப்பில் இடையூறு செய்தால் வாங்கி வைத்து, வகுப்பு முடிந்ததும் திருப்பித் தரலாம். கடவுச்சொல்லைக் கேட்பதற்கு ஆசிரியருக்கோ வார்டனுக்கோ காவலாளிக்கோ எந்தச் சட்டமும் அதிகாரம் தரவில்லை. நீங்கள் மறுத்திருக்கலாம். இருபது பேர் வரிசையில் நிற்கும்போது ஒரு பெண் மட்டும் மறுப்பது எவ்வளவு கடினம் என்பதை நான் அறிவேன். அச்சத்தில் கொடுத்ததைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளவும் முடியாது.

இனி நீங்கள் செய்ய வேண்டியது. நடந்த நாள், நேரம், உள்ளே வந்தவர்கள், பார்க்கப்பட்ட பொருள்கள் ஆகியவற்றை நினைவு மங்குவதற்கு முன்பே தாளில் எழுதி, அறைத் தோழியரின் கையெழுத்தையும் பெற்றுக்கொள்ளுங்கள். மானியக் குழுவின் 2023ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகளின்படி ஒவ்வொரு கல்லூரியிலும் மாணவர் குறைதீர் குழு இருக்க வேண்டும். அக்குழு 15 வேலை நாள்களுக்குள் அறிக்கை தர வேண்டும். அதில் நிறைவு இல்லையெனில் பல்கலைக்கழகத்தின் குறைதீர்ப்பாளரிடம் மேல்முறையீடு செய்யலாம். ஆண் ஊழியர்கள் உங்கள் உடைகளைக் கையாண்டதையும் உங்கள் படங்களைப் பார்த்ததையும் பாலியல் துன்புறுத்தல் புகார்களை விசாரிக்கும் கல்லூரியின் உள் புகார்க் குழுவிடம் தனியாக எழுதிக் கொடுங்கள். பெண்களின் பாதுகாப்பைக் காரணமாகக் காட்டி, ஆண்கள் விடுதியில் இல்லாத பாகுபாடான விதிகளை மாணவியர் விடுதியில் விதிக்கக் கூடாது என்று மானியக் குழுவின் 2015ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகள் தெளிவாகவே சொல்கின்றன. மாணவர் விடுதியில் இத்தகைய சோதனை நடந்ததா என்று உங்கள் புகாரிலேயே கேளுங்கள்.

கேள்வி: தினமும் நுழைவாயிலில் பையைத் திறந்து காட்டச் சொல்கிறார்கள். மாட்டேன் என்று சொல்லலாமா?
— முதலாம் ஆண்டு மாணவர், சென்னை

பதில்: சொல்லலாம், அப்போது உங்களை உள்ளே விட மாட்டோம் என்று அவர்களும் சொல்லலாம். நுழைவாயிலில் நடப்பது உங்கள் சம்மதத்தின் பேரில் நடக்கும் சோதனை. ஆகவே பையை நீங்களே திறந்து காட்டுவதுதான் முறை. காவலாளி கையைவிட்டுத் துழாவுவதோ உங்கள் சட்டைப் பையைத் தொடுவதோ முறையன்று. வெளியே செல்லும்போது பையைக் காட்டவில்லை என்பதற்காக மட்டும் வழிமறித்து நிறுத்திவைத்தால், அது இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 126ஆம் பிரிவின்கீழ் முறையற்ற தடுப்பு ஆகலாம். சோதனை எல்லோருக்கும் ஒன்றுபோல நடக்கிறதா என்பதையும் கவனியுங்கள். குறிப்பிட்ட ஊர், மதம், மாநிலம் சார்ந்த மாணவர்களின் பைகள் மட்டும் திறக்கப்படுமானால் அது முதல்வரிடம் எழுத்தில் கொண்டுசெல்ல வேண்டிய செய்தி.

கேள்வி: அம்மா, என் மகன் வெளியூர்க் கல்லூரியில் முதலாம் ஆண்டு படிக்கிறான். அவனுக்குப் பதினேழரை வயது. ஒருநாள் இரவு பத்து மணிக்கு விடுதிக்குப் பின்புறம் நின்றவனைச் செக்யூரிட்டிகள் பிடித்து, சட்டைப் பையில் கஞ்சாப் பொட்டலம் இருந்ததாகச் சொல்லி, காலை ஆறு மணிவரை அவர்களுடைய அறையில் அடைத்துவைத்திருக்கிறார்கள். "நான்தான் வைத்திருந்தேன்" என்று கடிதமும் எழுதி வாங்கியிருக்கிறார்கள். அவன் தன்னிடம் எதுவும் இல்லை என்கிறான். போலீசுக்குப் போகாமல் இருக்க வேண்டுமானால் டி.சி.யை வாங்கிக்கொண்டு போங்கள் என்று கல்லூரியில் சொல்கிறார்கள். நாங்கள் என்ன செய்வது?
— ஒரு தந்தை, திருநெல்வேலி

பதில்: ஐயா, முதலில் டி.சி.க்கு விண்ணப்பம் எழுதிக் கொடுக்காதீர்கள். நீங்களே விரும்பிக் கேட்டதாக எழுதி வாங்கிவிட்டால், விசாரணை நடத்த வேண்டிய கடமையிலிருந்து கல்லூரி தப்பித்துக்கொள்ளும். ஒரு மாணவரை நீக்குவதற்கு முன் குற்றச்சாட்டை எழுத்தில் தந்து, அவருடைய விளக்கத்தைக் கேட்டு, அதன்பின் முடிவெடுக்க வேண்டும் என்பது இயற்கை நீதியின் அடிப்படை.

அடுத்து அந்த எட்டு மணி நேரத்தைப் பார்ப்போம். குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 40ஆம் பிரிவு, காவல் துறையைச் சேராத ஒருவர் இன்னொருவரைப் பிடித்துவைக்கக்கூடிய சூழ்நிலையைச் சொல்கிறது. தம் கண்ணெதிரே ஜாமீனில் விட முடியாத, பிடியாணை இல்லாமலே கைது செய்யக்கூடிய குற்றம் நடந்தாலோ, பிடிபட்டவர் தேடப்படும் குற்றவாளியாக அறிவிக்கப்பட்டவராக இருந்தாலோ மட்டுமே அந்த அதிகாரம் உண்டு. அப்போதும் ஆறு மணி நேரத்துக்குள் காவல் துறையிடம் ஒப்படைத்துவிட வேண்டும். உங்கள் மகனை எட்டு மணி நேரம் வைத்திருந்தார்கள். காவல் நிலையத்துக்குத் தகவலே தரவில்லை. பாரதிய நியாய சன்ஹிதாவின் 127ஆம் பிரிவின்படி முறையற்ற அடைத்துவைப்புக்கு ஓராண்டு வரை சிறைத்தண்டனை உண்டு. புகார் கொடுக்கும் உரிமை உங்களுக்கும் இருக்கிறது என்பதைக் கல்லூரி அறிந்திருக்க வேண்டும்.

போதைப்பொருள் சோதனையை யார் நடத்தலாம் என்பதை 1985ஆம் ஆண்டு போதைப்பொருள் தடுப்புச் சட்டம் வரையறுத்திருக்கிறது. அதன் 42, 43ஆம் பிரிவுகள் அரசால் அதிகாரம் அளிக்கப்பட்ட துறைகளின் அலுவலர்களையே குறிக்கின்றன. காவலாளி அந்தப் பட்டியலில் இல்லை. அலுவலரேகூட ஒருவருடைய உடலைச் சோதிக்கும் முன், அரசிதழ் பதிவு பெற்ற அலுவலர் அல்லது நீதித்துறை நடுவர் முன்னிலையில் சோதிக்கப்படும் உரிமை உண்டு என்பதை அவரிடம் தெரிவிக்க வேண்டும் என்கிறது 50ஆம் பிரிவு. 1999இல் பல்தேவ் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் அரசமைப்பு அமர்வு இதை மிகவும் வலியுறுத்தியது. ஆனால் இந்தப் பாதுகாப்பு உடல் சோதனைக்குத்தான். கையில் வைத்திருக்கும் பைக்கு இது பொருந்தாது என்று 2005இல் பவன் குமார் வழக்கில் அதே நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

இங்கே ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். சோதனை முறைகேடாக நடந்தது என்பதாலேயே, அதில் கிடைத்த பொருளை நீதிமன்றம் ஏற்காது என்று நம் நாட்டில் பொதுவிதி இல்லை. 1973இல் பூரண்மல் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதைத் தெளிவாக்கிவிட்டது. ஆகையால் "அவர்கள் தொட்டதே தப்பு" என்ற ஒரே வாதத்தை நம்பி இருந்துவிடாதீர்கள். பொட்டலம் இப்போது எங்கே இருக்கிறது, யார் எடுத்தார்கள், யார் முன்னிலையில் எடுத்தார்கள், எங்கே வைத்து முத்திரையிட்டார்கள் என்று கேளுங்கள். இவற்றுக்கு விடை இல்லாத பொட்டலம் வழக்கில் நிற்பது கடினம்.

எழுதி வாங்கிய கடிதத்தைக் கண்டு அஞ்ச வேண்டாம். அதிகாரத்தில் உள்ளவர் மிரட்டியோ ஆசைகாட்டியோ வாங்கிய ஒப்புதல் குற்ற வழக்கில் செல்லாது என்று புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதிநியமத்தின் 22ஆம் பிரிவு சொல்கிறது. ஆனால் கல்லூரியின் உள்விசாரணையில் சாட்சியச் சட்டம் அவ்வளவு கண்டிப்பாகப் பின்பற்றப்படுவதில்லை. ஆகவே, எந்தச் சூழலில், எத்தனை மணிக்கு, யார் சொல்லி அந்தக் கடிதத்தை எழுதினான் என்பதைக் குறிப்பிட்டு, அதைத் திரும்பப் பெறுவதாக உங்கள் மகனே முதல்வருக்குப் பதிவுத் தபாலில் உடனே எழுதட்டும்.

உங்கள் மகனுக்கு 18 வயது நிறையவில்லை என்பது மிக முக்கியம். காவல் துறைக்கே போனாலும் 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின்படி அவனைக் காவல் நிலைய லாக்கப்பில் வைக்கக் கூடாது. சிறார்களுக்கான தனிக் காவல் பிரிவோ குழந்தைகள் நலக் காவல் அலுவலரோதான் பொறுப்பேற்று, 24 மணி நேரத்துக்குள் இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் நிறுத்த வேண்டும். காவல் நிலையத்தின் பெயரைச் சொல்லி உங்களை அச்சுறுத்துகிறவர்களுக்கு இது தெரியாமல் இருக்கலாம்.

கடைசியாக, தந்தையாக நீங்கள் அவனிடம் தனியே பேசுங்கள். அவன் சொல்வது உண்மையாக இருந்தால் அவனோடு உறுதியாக நில்லுங்கள். ஒருவேளை பழக்கம் இருப்பதாகத் தெரிந்தாலும் கைவிட்டுவிடாதீர்கள். போதைக்கு அடிமையான ஒருவர், சிறிய அளவு தொடர்பான குற்றச்சாட்டில், தாமாக முன்வந்து அங்கீகரிக்கப்பட்ட இடத்தில் சிகிச்சையை முழுமையாக மேற்கொண்டால் வழக்கிலிருந்து காக்கும் 64ஏ பிரிவு போதைப்பொருள் தடுப்புச் சட்டத்திலேயே இருக்கிறது.

கேள்வி: முதல்வரின் அனுமதி இல்லாமல் போலீஸ் விடுதிக்குள் வந்து சோதனையிட முடியாது என்று நண்பர்கள் சொல்கிறார்கள். உண்மையா?
— முதுகலை மாணவி, மதுரை

பதில்: அது வழக்கமே தவிர, சட்டம் அன்று. கல்லூரி வளாகம் என்பதற்காகக் காவல் துறைக்குக் கதவடைக்கும் பிரிவு எதுவும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் இல்லை. ஆனால் காவல் துறை பின்பற்ற வேண்டிய முறை இருக்கிறது, அதைத்தான் நீங்கள் தெரிந்துவைத்திருக்க வேண்டும். நீதிமன்ற ஆணை இல்லாமல் சோதனையிடுவதானால் அதன் 185ஆம் பிரிவின்படி காரணத்தை முன்கூட்டியே எழுதிவைக்க வேண்டும். அந்தப் பதிவின் நகல் 48 மணி நேரத்துக்குள் நடுவருக்குப் போக வேண்டும். 103ஆம் பிரிவின்படி, வழக்கில் தொடர்பில்லாத, அந்தப் பகுதியைச் சேர்ந்த இருவராவது சாட்சிகளாக இருக்க வேண்டும். அறையில் குடியிருப்பவரை உடன் இருக்க அனுமதிக்க வேண்டும். எடுத்த பொருள்களின் பட்டியலில் ஒரு நகல் அவருக்குத் தரப்பட வேண்டும். பெண்ணைச் சோதிப்பவர் பெண்ணாகவே இருக்க வேண்டும். 105ஆம் பிரிவு, சோதனை முழுவதையும் ஒலி, ஒளிப் பதிவு செய்யச் சொல்கிறது. தடுக்காதீர்கள், கதவை மறிக்காதீர்கள். அலுவலரின் பெயரையும் நிலையத்தையும் கேளுங்கள், பதிவு நடக்கிறதா என்று கேளுங்கள், பட்டியலின் நகலை வாங்காமல் கையெழுத்திடாதீர்கள்.

கேள்வி: வணக்கம் அம்மா. நான் ராணுவத்தில் பணி முடித்து, இப்போது ஒரு கல்லூரியில் செக்யூரிட்டியாக இருக்கிறேன். பசங்களிடம் ஏதாவது பிடிபட்டால் "ஏன் முன்பே பார்க்கவில்லை" என்று நிர்வாகம் எங்களைத்தான் கேட்கிறது. சோதனை போட்டால் மாணவர்கள் சட்டம் பேசுகிறார்கள். நாங்கள் எதுவரை செய்யலாம் என்று சொல்வதற்கு ஆள் இல்லை.
— ஒரு பாதுகாப்பு ஊழியர், சேலம்

பதில்: ஐயா, வந்த கடிதங்களில் நான் அதிக நேரம் யோசித்தது உங்களுடையதைப் பற்றித்தான். மேலே மாணவர்களுக்கு எழுதியதை எல்லாம் உங்களுக்கு எதிராக எழுதியதாக நினைக்க வேண்டாம். எழுத்தில் ஆணை எதுவும் தராமல், எது நடந்தாலும் காவலாளியின் தலையில் போடும் நிர்வாகங்களே இந்தச் சிக்கலுக்குப் பெரும் காரணம்.

உங்களைப் போன்றோரின் பணியை ஒழுங்குபடுத்துவது தனியார் பாதுகாப்பு முகமைகள் ஒழுங்குமுறைச் சட்டம், 2005. உங்கள் நிறுவனத்துக்கு உரிமம் வேண்டும், உங்களுக்குப் பயிற்சியும் புகைப்பட அடையாள அட்டையும் வேண்டும் என்று அது சொல்கிறது. காவலருக்குரிய சோதனை அதிகாரம் எதையும் அது உங்களுக்குத் தரவில்லை. வாயிலில் நிறுத்திக் கேட்கலாம், அடையாள அட்டையைப் பார்க்கலாம், பையைத் திறந்து காட்டச் சொல்லலாம், மறுத்தால் உள்ளே விடாமல் அலுவலகத்துக்குத் தெரிவிக்கலாம். உடலைத் தொடுவது, கைப்பேசியை வாங்கிப் பார்ப்பது, அறையில் அடைத்துவைப்பது, எழுதி வாங்குவது ஆகியவற்றை யார் சொன்னாலும் செய்யாதீர்கள். வழக்கு வந்தால் சொன்னவர் பெயர் அதில் இருக்காது, செய்தவர் பெயர்தான் இருக்கும். 2022 ஜூலையில் கேரளத்தின் கொல்லம் மாவட்டம் ஆயூரில், நீட் தேர்வு எழுத வந்த மாணவியரை உள்ளாடையைக் களையச் சொன்ன வழக்கில் முதலில் கைதானவர்களில் வாயிலில் சோதனை நடத்திய பெண் ஊழியர்களும் இருந்தார்கள்.

நிர்வாகத்திடம் ஓர் எழுத்துப்பூர்வமான நடைமுறையைக் கேளுங்கள். சந்தேகத்துக்குரிய பொருள் கண்ணில் பட்டால் யாரை அழைப்பது, எந்த எண்ணுக்கு, இரவில் பொறுப்பு யாருக்கு, மாணவியர் பக்கத்தில் பெண் ஊழியர் எத்தனை மணிவரை இருப்பார் என்பன அதில் இருக்க வேண்டும். அது வரும்வரை, வாயிலில் உள்ள பதிவேட்டில் ஒவ்வொரு சம்பவத்தையும் நேரத்தோடு எழுதி, யார் உத்தரவிட்டார் என்பதையும் அதே வரியில் குறித்துவையுங்கள். மாணவர் மறுத்திருந்தால் மறுத்தார் என்று எழுதி, அவரிடமே கையெழுத்து வாங்குங்கள்.